மூன்றாவது காரணம்

மத்தியானம் ஹேடோ துறைமுகத்தில் சைரன் ஊதி ஓய்ந்ததும் சுவருக்கு அந்தப் பக்கம் நந்தகுமார் பேச ஆரம்பிப்பான். நான் பருப்பை ஊறப்போட எழுந்துவிடுவேன். செத்துப்போன பையனின் குரலை வைத்து நேரம் பார்த்து வடை சுட்டவள் இந்த அந்தமானிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பயமெல்லாம் முதல் மாதத்தோடு போய்விட்டது. எங்கள் குவார்ட்டர்ஸ் பழைய காலத்துப் பலகை வீடு. ஒரே கூரை, நடுவில் ஒரு பலகைச் சுவர். இந்தப் பக்கம் நானும் துறைமுகத்தில் எலக்ட்ரீஷியனாக இருக்கும் என் வீட்டுக்காரரும். அந்தப் பக்கம் ஆவுடையப்பன் அண்ணனும் விஜயலட்சுமி அக்காவும். அங்கே கடுகு தாளித்தால் இங்கே தும்மல் வரும். அப்படியிருக்க, போனில் பதிவான ஒரு குரல் வராமலா போகும்? பையன் உயிரோடு இருந்தபோது தீவுக்குத் தீவு போகும் சரக்குக் கப்பலில் டெக்கில் வேலை பார்த்தான். ஏதாவது படகுத்துறை ஜெட்டியில் சிக்னல் கிடைத்தால் அம்மாவுக்குப் பேசி அனுப்புவான். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்றெல்லாம் இல்லை. பாடம்தான் பேசுவான். திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஒன்றில் பி.ஏ. சேர்ந்திருந்தான். தமிழிலேயே எழுதலாம், வீட்டிலிருந்தே எழுதலாம், வயசும் கேட்பதில்லை, வருகையும் கேட்பதில்லை. கப்பல் ஆடுகிற ஆட்டத்தில் பேனா பிடிக்க முடியாது என்று அவன் பதிலைச் சொல்லுவான், அக்கா அழகாக எழுதி, போனில் படம் பிடித்து அனுப்பிவிடுவாள். அக்கா அம்பாசமுத்திரத்தில் பன்னிரண்டாவது வரை படித்தவள். எழுத்து முத்து முத்தாக இருக்கும்.

இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் ஹட்பேயிலிருந்து கப்பல் கிளம்பி, கார் நிக்கோபார் தீவுப் பக்கம் போகும்போது காற்று பிடித்துக்கொண்டது. டெக்கில் அவிழ்ந்துபோன சரக்கைக் கட்டப் போனவர்களில் நந்தகுமாரை மட்டும் அலை எடுத்துக்கொண்டது. கப்பல் அங்கேயே சுற்றிச் சுற்றித் தேடியது. ஹெலிகாப்டர் வந்தது. கிடைக்கவில்லை.

உடம்பு கிடைக்காத சாவு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். நான் கச்சால் தீவில் பிறந்தவள். இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பி ரப்பர் வெட்ட வைத்த சனம் நாங்கள். சுனாமியில் என் அண்ணனைக் கடல் கொண்டுபோனபிறகு, எங்கள் அப்பா சாகும்வரை அவன் செருப்பை வாசலில் திருப்பித்தான் வைத்திருந்தார், வந்தால் மாட்டிக்கொண்டு போக வசதியாக. அதனால் விஜயலட்சுமி அக்காவுக்கு நான் புத்தி சொல்லப் போனதில்லை. புத்தி சொல்ல வந்தவர்களையும் வடையைக் கொடுத்து வாயை அடைத்து அனுப்பிவிடுவேன்.

ஆவுடையப்பன் அண்ணனுக்கு ஒரே ஒரு ஆசைதான் மிச்சம். ஆடி அமாவாசைக்கு மகனுக்கு எள்ளும் தண்ணீரும் விட வேண்டும். தர்ப்பையில் உருவம் செய்து வைத்துச் சடங்கை முடித்துவிடலாம் என்று கோயில் ஐயர் சொல்லியிருந்தார். அண்ணன் துறைமுக வார்ஃபில் கிரேனுக்குச் சிக்னல் காட்டுகிறவர். மெயின்லேண்டிலிருந்து வரும் கப்பலின் வயிற்றிலிருந்து சிமெண்டும் உருளைக்கிழங்கும் மேலே எழும்பும்போது, கீழே நின்று கையாலேயே ஏற்று, நிறுத்து, இறக்கு என்பார். நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் வேலை பார்த்து, வீட்டுக்கு வந்தும் பேச மாட்டார். ஆனால் ஆடி பிறந்தால் வாயைத் திறப்பார். அக்கா ஒரே வார்த்தையில் மூடிவிடுவாள். முடியாது. ஏன் முடியாது என்று அவரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. போன வருஷ அமாவாசைக்கு அவர் தனியாகக் கடற்கரைக்குப் போய், ஒன்றும் செய்யாமல் நனைந்துகொண்டு திரும்பி வந்தார். பெற்றவள் ஒப்பாமல் விடுகிற தண்ணீர் அவனுக்குப் போய்ச் சேராது என்றார் என் வீட்டுக்காரரிடம். இந்த வருஷமும் ஆடி வந்துவிட்டது, மழை கொட்டிக்கொண்டிருந்தது.

மற்ற நாளெல்லாம் ஜெட்டியில் வடை விற்பேன், ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு டெலானிபூரில் வியாபாரம். அங்கே ஒரு கல்லூரிக் கட்டிடத்தில்தான் அந்தப் பல்கலைக்கழகத்தின் படிப்பு மையம் நடக்கிறது. ஒரு கெட்டில் டீயும் ஒரு வாளி வடையும் கொண்டுபோனால் திரும்பும்போது இரண்டும் காலி. படிக்க வருகிறவர்களைப் பார்த்தால் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும். தொப்பி வைத்த தடம் நெற்றியில் மாறாத போலீஸ்காரர், நைட் டூட்டி முடித்து நேராக வந்து பெஞ்சில் தூங்கிவிழும் நர்ஸ், பேரனுக்குப் பால் பாட்டிலோடு வரும் பெங்காலி அம்மாள். மையத்தைப் பார்த்துக்கொள்பவள் கார்த்திகா மேடம். விமான நிலையத்தை ஒட்டிய பத்துபஸ்திப் பெண். தலைக்கு மேலே விமானம் போனால் பேச்சை நிறுத்தி, போனதும் விட்ட சொல்லிலிருந்து பிடித்துக்கொள்ளும் பத்துபஸ்திப் பழக்கம் அவளிடம் உண்டு. சென்னையில் படித்துவிட்டு, இங்கேதான் வேலை என்று திரும்பி வந்தவள். கப்பல் வரவில்லையென்றால் பரீட்சைக்கு எப்படி வருவார்கள் என்று மெயின்லேண்டுக்கு எழுதி எழுதிச் சண்டை போடுவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் முகம் பளபளவென்று இருந்தது. சண்டையில் ஜெயித்துவிட்டாளாம். இனி கப்பல்காரர்கள் பரீட்சைத் தேதிக்காக ஓடி வர வேண்டாம், அவர்கள் கரைக்கு வரும் நாளில் பரீட்சை வைக்கலாம். கடலில் பார்த்த வேலையையே ஒரு பாடமாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். இந்தியில் ஒரு தடவையும் தமிழில் ஒரு தடவையும் சொன்னாள். ஆள் காலேஜுக்கு வர முடியலைன்னா காலேஜ் ஆள்கிட்ட போகணும் என்றாள். பெங்காலி அம்மாள் கைதட்டினாள், பால் பாட்டில் கீழே உருண்டது.

"இதுல முதல் ஆளா வரப்போறது நம்ம நந்தகுமார்தான்" என்றாள் மேடம். "போன மாசம் அனுப்பின பதில்கூட அவ்வளவு நல்லா இருந்துச்சு. சேர்ந்த நாளிலேர்ந்து முகத்தையே காட்டல, பரீட்சைக்குக்கூட வரல. புஷ்பாக்கா, நீங்க ஹேடோதானே? போர்ட் குவார்ட்டர்ஸ்னு அட்ரஸ் இருக்கு. தெரியுமா அவரை?"

கையிலிருந்த டீ விளிம்பு தாண்டி விரலைச் சுட்டது. போன மாதமா? தெரியும் என்று மட்டும் சொன்னேன். அத்தனை பேர் நடுவில் வேறு என்ன சொல்ல? சரி, சாயங்காலம் உங்களோடயே வர்றேன், நேர்ல சொன்னா சந்தோஷப்படுவார் என்றாள். பஸ்ஸில் வரும்போது சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயெடுத்தேன். மேடம், அந்த வீட்ல என்றேன். அவள் திரும்பிப் பார்த்தாள். போய்ப் பேசிக்கலாம் என்று முடித்துவிட்டேன். ஒரு தாய் இரண்டு வருஷமாகச் சொல்லாத வார்த்தையை, டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நான் எப்படிச் சொல்வது?

நாங்கள் போனபோது குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. எவ்வளவு மழை பெய்தாலும் எங்களுக்குக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். அக்கா முற்றத்தில் குடம் மாற்றிக்கொண்டிருந்தாள். கப்பல் எதுவும் கரையில் இல்லாததால் அண்ணனும் வீட்டில் இருந்தார், வாசலில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். உள்ளே சொதி கொதிக்கிற வாசனை. அவன் கப்பல் திரும்புகிற நாளில்தான் அந்த வீட்டில் முன்பெல்லாம் சொதி வைப்பார்கள். இப்போது எந்த நாள் என்று கணக்கில்லாமல் வைக்கிறார்கள்.

யுனிவர்சிடியிலிருந்து வந்திருக்கிறார்கள் என்றேன். அக்காவின் முகத்தில் ஏதோ ஓடியது. பயம் என்றுதான் நினைத்தேன். இல்லை, அவள் சந்தோஷப்பட்டாள். மகனைத் தேடி ஒரு ஆள் வந்திருக்கிறது.

"உள்ள வாங்க மேடம்" என்றாள். "அவன் செய்லிங்ல இருக்கான். எதுன்னாலும் எங்கிட்ட சொல்லுங்க, நான் சொல்லிருதேன்."

தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது.

"எவன் செய்லிங்ல இருக்கான்?" என்றார் அண்ணன்.

மேடம் சிரித்த முகத்தை மாற்றத் தெரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மேடம், என் மவன் கடலோட போயி ரெண்டு மழைக்காலம் ஆச்சு" என்றார். "நீங்க யாரோ வேற பையனைத் தேடி வந்திருக்கிய."

"போன மாசம் பதில் எழுதி அனுப்பியிருக்காரே" என்றாள் மேடம். சொல்லி முடிக்கும்போதே அவள் கண் அக்காவிடம் போய்விட்டது.

குடம் நிறைந்து வழிந்தது. எங்கள் லைனில் குழாயை மூடாமல் விட்டவர் யாரும் கிடையாது, பிரசவ வலியிலும் மூடிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போவோம். அன்று நான்கு பெரியவர்கள் நின்றோம், தண்ணீர் பாட்டுக்குச் சாக்கடைக்கு ஓடியது. கடைசியில் நான்தான் போய் மூடினேன்.

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. கணக்கு ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். ஹட்பேயிலிருந்து கடைசியாக அவன் ஒரு பதில் பேசி அனுப்பியிருந்தான். இவ்வளவு மழை பெய்கிற தீவில் குடிதண்ணீர் ஏன் போதவில்லை, மூன்று காரணம் எழுது என்பது கேள்வி. இரண்டு காரணம் சொல்லிவிட்டான். மூன்றாவதைத் தொடங்கும்போது யாரோ கூப்பிட்டார்கள். அதோடு குரல் நின்றது. அவனைத் தேடிக்கொண்டிருந்த அந்த வாரமே பதில் அனுப்பக் கடைசித் தேதி வந்துவிட்டது.

"வந்து கேப்பான்ல, ஏம்மா அனுப்பலன்னு?" என்றாள். "ஒரு வருசம் வீணாப் போயிரும்லா? அதான் மூணாவதை நானே எழுதிட்டேன். அதுக்கப்புறம் அடுத்த பாடம் வந்துச்சு. அதுல அவன் ஒண்ணுமே சொல்லலியே, நான் படிச்சு எழுதுனேன். இப்படியே போயிட்டு."

அண்ணன் கையில் ஒட்டியிருந்த தேங்காய்த் துருவலை வேட்டியில் துடைத்தார்.

"இதுக்குத்தான் என்னைய எள்ளுத் தண்ணி விடவிடாம தடுத்தியா?"

"ரேசன் கார்டுல அவன் பேரை அடிச்சாவ. கப்பல்ல அடிச்சாவ. பேங்க்ல அடிச்சாவ. எல்லா எடத்துலயும் நீங்கதான போயி நின்னு அடிச்சிட்டு வந்திய?" அவள் குரல் இப்போதுதான் உயர்ந்தது. "இவுக ஒருத்தர்தான் மாசாமாசம் அன்புள்ள மாணவரேன்னு என் போனுக்கு அனுப்புதாவ. கடல்ல சிக்னல் கெடைக்காதுன்னு எம் நம்பரைத்தான குடுத்திருந்தான். படிக்கிற பிள்ளைக்கு யாராவது எள்ளு தெளிப்பாவளா?"

செருப்பைத் திருப்பி வைத்த எங்கள் அப்பா ஞாபகம் வந்து, நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

கார்த்திகா மேடம் நின்ற இடத்திலேயே நின்றாள். மழை நின்று கூரை மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு அவளே பேசினாள்.

"வர முடியாதவங்களுக்காகத்தான் இவ்வளவும் மாத்தினோம். வராமலே படிக்கலாம், வராமலே எழுதலாம்னு. வராத ஒருத்தர் ஏன் வரலன்னு நாங்க ஒரு தடவை போன் பண்ணிக் கேக்கல. இது எங்க தப்பு."

அதோடு ஆபீஸ் விஷயத்தையும் சொல்லிவிட்டாள். அந்தப் பேரை எடுத்தாக வேண்டும். அவன் பேரில் போட்ட மார்க்கெல்லாம் ரத்தாகும். எழுதினது நீங்கதான் என்றாலும் உங்கள் பேருக்கு மாற்ற எனக்கு அதிகாரமில்லை, படிக்க ஆசையிருந்தால் நீங்கள் முதலிலிருந்து சேரலாம் என்றாள். கடைசி வார்த்தை அக்கா காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"ஒரு பேருதானம்மா" என்றாள் அக்கா. மேடம் போய் அம்மா ஆகிவிட்டது. "அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருந்துட்டுப் போட்டுமே. பெஞ்சுல எடத்தையா அடைக்கான்?"

எங்கள் மேடம் சண்டைக்காரி. மெயின்லேண்டில் உட்கார்ந்திருக்கிற பெரிய பெரிய ஆட்களையெல்லாம் மடக்கியவள். இந்தக் கேள்விக்கு மட்டும் குனிந்து அக்காவின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அமாவாசைக்கு முன்னால நான் மேல எழுதி அனுப்பியாகணும். அதுவரைக்கும் நானா அடிக்க மாட்டேன்" என்றாள். "ஆனா வர்ற ஞாயிறுலேர்ந்து பேர் கூப்பிடப் போறேன். சேர்ந்திருக்கிற எல்லாப் பேரையும். உங்க பையன் பேரையும் கூப்பிடுவேன். யாராவது ஒருத்தர் பதில் சொல்லணும்ல?"

சொதியை யாரும் தொடவில்லை. மறுநாள் காலையில் அதை அக்கா கோழிக்கு ஊற்றியதைப் பார்த்தேன்.

அந்த வாரம் சைரன் ஊதியும் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமில்லை. வீடு இருக்கிறதா இல்லையா என்பதுபோல இருந்தது. நான் பருப்பு ஊறப்போட மறந்து, இரண்டு நாள் ஜெட்டியில் திட்டு வாங்கினேன். அதுவரை அந்தக் குரலுக்குப் பயப்படாதவள், அது வராததற்குப் பயந்தேன். சொன்னால் சிரிப்பீர்கள், பலகையில் காதை வைத்துக்கூடப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மையத்தில் மேடம் சொன்னபடி பேர் கூப்பிட்டாள். பெரிய பெரிய மீசைக்காரர்கள் எழுந்து நின்று யெஸ் மேடம் என்றபோது ஒரே சிரிப்பு. பதில் வராத பேர்களுக்கு அங்கேயே போன் போட்டாள். ஒருத்தி பிரசவமாகிப் பத்து நாள், ஒருத்தன் ரங்கத் ஊரில் பாலம் உடைந்து மாட்டிக்கொண்டிருக்கிறான், இன்னொருத்தன் படிப்பே வேண்டாமென்று குடித்துக்கொண்டிருக்கிறான். அவனை மட்டும் நேரில் வரச்சொல்லித் திட்டினாள். நந்தகுமார் என்றாள். யாரும் எழுந்திருக்கவில்லை. போன் போடவில்லை. விமானம் போகிற நேரம் மாதிரி கொஞ்சம் நிறுத்திவிட்டு அடுத்த பேருக்குப் போனாள்.

அடுத்த சில நாளில் ஒரு மத்தியானம், அண்ணன் லீவு போட்டுவிட்டு வீட்டிலிருந்தார். வேலை நாளில் அவர் லீவு போட்டு நான் பார்த்ததில்லை. சைரன் ஊதி ஓய்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் குரல் கேட்டது.

"அதப் போடு. நானும் கேக்கேன்."

அப்போதுதான் எனக்கே உறைத்தது. இத்தனை நாள் அவர் வேலையிலிருக்கும்போதே அவள் அதைப் போட்டுக் கேட்டிருக்கிறாள். மகன் குரலை நான் தினமும் கேட்டிருக்கிறேன், பெற்ற தகப்பன் கேட்கவில்லை.

நந்தகுமார் பேசினான். பின்னால் காற்றும் ஜெட்டியின் இரைச்சலும். அம்மா எழுதிக்கோ, முதல் காரணம், பெய்கிற மழை சரிவில் ஓடிக் கடலுக்குப் போய்விடுகிறது. இரண்டாவது, தேக்கி வைக்க அணை போதாது. அந்த வார்த்தைகளெல்லாம் எனக்கு மனப்பாடம். மூணாவது காரணம் என்னன்னா என்று இழுத்தான். யாரோ இந்தியில் கூப்பிட்டார்கள். இரும்மா, கூப்பிடுதாவ, அப்புறம் சொல்லுதேன் என்றான். முடிந்தது.

என் கை பருப்பில் அப்படியே நின்றது. பிறகு அண்ணன் கேட்டார்.

"அப்புறம்?"

"தண்ணி இருக்கதுனால மட்டும் ஆச்சா?" அக்கா அவளுடைய குரலில் சொன்னாள், நிறுத்தி நிறுத்தி, வகுப்பில் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி. "கொழாயில தண்ணி வார நேரத்துல வாங்கி வைக்க வீட்டுல ஒரு ஆளு இருக்கணும். எல்லாரும் வேலைக்குப் போயிட்ட வீட்டுக்குத் தண்ணி வந்தும் வராததுதான். அப்படின்னு எழுதுனேன்."

ஆவுடையப்பன் அண்ணன் அழுததை நான் முதலும் கடைசியுமாகக் கேட்டது அன்றுதான். பையன் போன செய்தி வந்த நாளில்கூட அவர் கையைத்தான் ஆட்டினார், நிறுத்து என்பதுபோல. அன்று வாய்விட்டு அழுதார். கொஞ்ச நேரத்தில் அக்கா பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. நான் மூக்கைச் சிந்திக்கொண்டு பருப்பைக் களைந்தேன்.

அமாவாசைக்கு முந்தின ஞாயிறு. கெட்டிலைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால், அக்கா படியில் நிற்கிறாள். வெளுத்த நீலச் சேலை, தலையில் எண்ணெய், கையில் என் வடை வாளி. குடு, நான் தூக்குதேன் என்றாள். பஸ்ஸிலும் வாளியை மடியிலேயே வைத்திருந்தாள். டெலானிபூர் ஏற்றத்தில் மூச்சு வாங்கியபோது, இங்கயா இவன் வந்து சேர்ந்தான் என்று கட்டிடத்தைப் பார்த்துக் கேட்டாள். ஆமாம் என்றேன். சேர்ந்த அன்று ஒரே ஒரு நாள் வந்தானாம், எந்த வாசல் வழியாக என்று யாருக்குத் தெரியும்?

கடைசி பெஞ்சில், தூங்குகிற நர்ஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கார்த்திகா மேடம் பார்த்தாள், பார்க்காததுபோல வருகைப் பதிவேட்டை எடுத்தாள். பேர் கூப்பிட ஆரம்பித்தாள். ஒவ்வொரு பேருக்கும் ஒரு ஆள் எழுந்து உட்கார்ந்தது. எனக்குக் கெட்டில் கனத்தது. கீழே வைக்கவும் தோன்றவில்லை.

"நந்தகுமார்."

மேடத்தின் குரல் அந்தப் பேரில் கொஞ்சம் தேய்ந்தது. எழுந்திருப்பாளா என்று நான் நினைக்கிற நேரத்துக்குள் அக்கா எழுந்துவிட்டாள். முன்பெஞ்சிலிருந்த போலீஸ்காரர் திரும்பிப் பார்த்தார்.

"அவன் வரமாட்டான் மேடம்" என்றாள். அப்புறம், எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்பதுபோல, இன்னும் கொஞ்சம் சத்தமாக, "அவன் கடல்ல போயிட்டான். எம் மவன். பேரை அடிச்சிருங்க" என்றாள்.

பெங்காலி அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். தூங்கிக்கொண்டிருந்த நர்ஸ் எப்போது விழித்தாளோ, அக்காவின் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தாள். மேடம் பேனாவை எடுத்தாள். ஒரு கோடு போடுவதற்கு அவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியாது. முத்துகிருஷ்ணன் என்றாள் அடுத்து. மிச்சப் பேர்களையும் ஒன்று விடாமல் கூப்பிட்டு முடித்தாள். ஏட்டை மூடவில்லை. பக்கத்தின் அடியில் ஏதோ எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.

"விஜயலட்சுமி."

அக்கா மடியில் கையை வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து பார்த்தால் கூரைகளுக்கு மேலே ஒரு கீற்றுக் கடல் தெரியும். எங்கள் லைனில் ஆவுடையப்பன் சம்சாரம், நந்தகுமார் அம்மா என்றுதான் அவளைக் கூப்பிட்டார்கள். நானும் அக்கா என்று சொல்லிச் சொல்லி, அந்தப் பேர் தனியாக என் வாயில் வந்ததே இல்லை. மகன் கொடுத்த ஃபாரத்தில் தாய் பேர் இருந்திருக்கும்.

மேடம் இன்னொரு தடவை கூப்பிட்டாள். போன் போடுவது, அடுத்த பேருக்குப் போவது என்று எதுவும் செய்யவில்லை. பதில் வரும்வரை அப்படியே நின்றாள்.

அக்கா மெல்ல எழுந்தாள். யெஸ் மேடம் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

"இருக்கேன்" என்றாள்.

நான் ஒரு டம்ளரை எடுத்து டீ ஊற்றி, அவளிடம் கொண்டுபோனேன்.